தரகர் காட்டும் வீடு: நான்கு அமெரிக்கப் படைப்புகள்

வீட்டைப் பற்றி எழுதாத நாவலாசிரியன் இல்லை. வீட்டைக் காட்டித் தருகிறவனைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். ஒரு குடும்பம் தனக்குப் போதுமான வீட்டைத் தேடிப் புறப்படும்போது அதற்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் வந்து நிற்கிறான். எத்தனை பேர், எத்தனை அறை வேண்டும், முன்பணம் எவ்வளவு கட்ட முடியும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று கேட்கிறான். இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அக்குடும்பம், தான் அறியாமலே, தன் கதையைச் சொல்லிவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத விஷயங்களை, காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு அந்நியன் கேட்டுக்கொள்கிறான். நாவலாசிரியனுக்கு இதைவிட வசதியான பாத்திரம் அமைவது அரிது. அமெரிக்க எழுத்து இந்த வசதியைக் கண்டுகொண்டிருக்கிறது. அங்கே அந்த மனிதனுக்கு 'ரியல்டர்' என்று பெயர்.

நான் இங்கு எடுத்துக்கொள்வது நான்கு படைப்புகளை. சின்க்ளேர் லூயிஸின் 'பாபிட்' (1922), லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த ஸன்' நாடகம் (1959), ரிச்சர்ட் யேட்ஸின் 'ரெவல்யூஷனரி ரோட்' (1961), ரிச்சர்ட் ஃபோர்டின் 'இன்டிபென்டன்ஸ் டே' (1995). நான்கும் சம அந்தஸ்துள்ளவை அல்ல. ஆனால் நான்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்க முடிகிறது: ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வீடு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார்? இதற்கு ஒவ்வொரு படைப்பாளியும் தரும் பதிலில்தான் அவருடைய பார்வையின் ஆழமும் போதாமையும் தெரிகின்றன என்று எனக்குப் படுகிறது.

1

முதலில் சொல். 1908ல் சிகாகோவில் நில, வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம் அமைந்தது. 1916ல் மினியாபொலிஸ் நகரத் தரகர் சார்ல்ஸ் சாட்போர்ன் 'ரியல்டர்' என்ற சொல்லை உண்டாக்கினார். சங்கத்தில் சேர்ந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. நம்முடைய 'தரகன்' என்ற சொல்லுக்குள் தரகு ஒளிவுமறைவில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நின்று காசு வாங்குகிறவன் என்பதைச் சொல்லே சொல்லிவிடும். 'ரியல்டர்' என்பது காசைப் பின்னால் தள்ளி உத்தியோகத்தை முன்னால் வைக்கிற சொல். டாக்டர், வக்கீல் வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிற சொல்.

இது பிறந்து ஆறே வருஷங்களில் லூயிஸ் இதை நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஜார்ஜ் பாபிட், ஸெனித் என்ற கற்பனை நகரத்தில் வீடு விற்கிறவன். நாற்பத்தாறு வயது. தன்னை 'ரியல்டர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு ஒரு கொள்கை. தொழில்காரர்களின் மாநாட்டில் இதை முழங்குகிறான். ஊருக்குச் சேவை, எதிர்காலத்தைக் காணும் தீர்க்கதரிசனம் என்றெல்லாம் தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறான். இதே மனிதன், ஒரு மளிகைக் கடைக்காரனுக்குப் பக்கத்து மனை ஒருநாள் தேவைப்படும் என்று மோப்பம் பிடித்து, வேறொரு பணக்காரனை முந்தி வாங்க வைத்து, அந்தக் கடைக்காரனை மிரட்டாத குறையாக ஏறிய விலைக்கு வாங்கச் செய்கிறான். பேச்சையும் காரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் லூயிஸின் முறை. முறை பலிக்கிறது, சிரிக்கிறோம். பாபிட் என்ற பெயரே ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. 1930ல் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க எழுத்தாளருக்குக் கிடைத்த முதல் இலக்கிய நோபல்.

ஆனால் இந்நாவலில் வீடு தேடும் ஒரு குடும்பம் உயிரோடு இல்லை. வாங்குகிறவர்கள் ஏமாறுவதற்காக வந்து போகிறார்கள். நையாண்டிக்கு ஒரு எல்லை உண்டு. சிரிக்கிறவனை அது தொடுவதில்லை. பாபிட்டின் சொந்த வீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் லூயிஸ் நையாண்டியைத் தாண்டிப் போகிறார். ஃப்ளோரல் ஹைட்ஸில் அது கச்சிதமான வீடு. அறைகளின் அளவு சரி, வெளிச்சம் சரி, குளியலறை சரி. குடும்பம் ஒன்று அங்கே வாழ்கிறது என்பதற்கான தடயம்தான் இல்லை. ஊருக்கெல்லாம் வீடு காட்டுகிறவன் ஒரு ஓட்டல் அறையில் விழித்தெழுகிறான். இந்தச் சில பக்கங்களில் கேள்வி எழுந்துவிடுகிறது. லூயிஸ் அதைத் தொடரவில்லை. தொடர அவருக்கு இன்னொரு மனோபாவம் தேவைப்பட்டிருக்கும்.

2

லூயிஸ் பார்க்காத ஒன்று உண்டு. 'பாபிட்' வெளிவந்த இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1924ல், தரகர் சங்கம் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தி எழுதியது. அதன் 34ஆவது விதி, எந்த இனத்தவர் அல்லது தேசத்தவர் குடிவந்தால் அக்கம்பக்கத்துச் சொத்து மதிப்பு குறையுமோ அவர்களை அங்கே கொண்டுவர ரியல்டர் காரணமாக இருக்கக்கூடாது என்றது. இனம் பற்றிய வார்த்தைகள் 1950 வரை அந்த விதியில் இருந்தன. ஆகவே 'உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வீடு' என்று ரியல்டர் சொல்லும்போது அதற்கு இரண்டு அர்த்தங்கள் இருந்தன. ஒன்று, அறைகளைப் பற்றியது. மற்றது, அந்தத் தெருவுக்கு நீங்கள் ஏற்றவர்தானா என்பது. இரண்டாவது கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாது. காட்டப்படாத வீடுகளில்தான் அது இருக்கும்.

ஹான்ஸ்பெரியின் நாடகம் இந்தக் காட்டப்படாத வீட்டைப் பற்றியது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் யங்கர் குடும்பம். ஐந்து பேர்; ஆறாவது ஒன்று வயிற்றில். பையன் டிராவிஸுக்குப் படுக்கை, கூடத்து சோபா. கழிப்பறை வெளி நடையில், மற்றக் குடித்தனக்காரர்களோடு பொது. காலையில் யார் முந்துவது என்பதில்தான் நாடகமே தொடங்குகிறது. இறந்துபோன கணவனின் இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. தாய் லீனா, யாரையும் கேட்காமல் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி ஒரு வீட்டை முடித்துவிட்டு வருகிறாள். மூன்று படுக்கையறை. மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்று. தானும் மகளும் ஒன்றில். பேரனுக்கு முதல் தடவையாகச் சொந்த அறை. கொஞ்சம் மண், செடி வைக்க. வீடு இருப்பதோ வெள்ளையர் வாழும் க்ளைபோர்ன் பார்க்கில். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் இதே வீட்டுக்கு இரண்டு பங்கு விலை. லீனா போராடப் போகவில்லை. கணக்குப் போட்டாள், கணக்கு அவளை அங்கே கொண்டு போய்விட்டது. நாடகத்தின் பலம் இதில் இருக்கிறது. லட்சியத்தைச் சமையலறைக் கணக்காக எழுதத் தெரிந்த கை இது.

பிறகு கார்ல் லின்ட்னர் வருகிறார். அக்கம்பக்கத்து நலச் சங்கத்தின் பிரதிநிதி. மரியாதையாக உட்கார்ந்து, வாங்கிய வீட்டை நல்ல லாபத்தில் சங்கத்துக்கே திருப்பித் தரும்படி கேட்கிறார். அவரைத் தலைகீழான தரகர் என்று சொல்லலாம். ரியல்டர் வீட்டைக் காட்டிப் பணம் கேட்பார். இவர் பணத்தைக் காட்டி வீட்டைக் கேட்கிறார். அவருடைய சாந்தமும், சுற்றிவளைத்த பேச்சும், எல்லோருடைய நன்மைக்காகவும் என்ற தொனியும் அந்தத் தொழிலின் பாஷையேதான். லீனாவின் மகன் வால்ட்டர் முதலில் அவரைத் துரத்துகிறான்; மீதிப் பணத்தை நண்பனிடம் பறிகொடுத்தபின் திரும்ப அழைக்கிறான்; கடைசியில், தன் பையன் பார்த்துக்கொண்டிருக்க, மறுக்கிறான். குடிபோகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை நாடகம் காட்டுவதில்லை.

ஹான்ஸ்பெரிக்கு அது தெரியும். அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937ல் சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் கூடியது, எறியப்பட்ட செங்கல் சிறுமியாக இருந்த லொரெய்ன் மேல் படாமல் தப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் இன ஒப்பந்தங்களே செல்லுமா என்பதை நீதிமன்றம் தொடவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்ற தீர்ப்பு 1948ல்தான் வந்தது. இவையெல்லாம் பலரும் சொல்வது. அதிகம் பேசப்படாத ஒன்று, கார்ல் ஹான்ஸ்பெரியே ஒரு வீட்டுத் தரகர் என்பது. பெரிய குடியிருப்புகளைச் சிறு சிறு அறைகளாக, ஆளுக்கு ஒரு அடுப்பு மூலையோடு பிரித்து வாடகைக்கு விட்டுச் செல்வம் சேர்த்தவர். யங்கர் குடும்பம் நெருக்கியடித்து வாழ்கிற அந்த மாதிரி வீட்டின் வாடகையில்தான் நாடகாசிரியை வளர்ந்தார்.

நாடகத்தில் தரகர் இல்லை. லீனாவுக்கு அந்த வீட்டைக் காட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மௌனத்தை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். அந்த மனிதனை மேடையேற்றியிருந்தால், நெருக்கடியை விற்கிறவனும் அதிலிருந்து வெளியேற வழக்காடுகிறவனும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்ற சங்கடமான உண்மை அதில் ஏறியிருக்கும். ஆனால் இந்தக் குறைக்கு ஒரு பலன் இருக்கிறது. தரகர் இல்லாததால் அளவைக் குறிப்பவள் லீனா மட்டுமே. நான்கு படைப்புகளில் இங்கே மட்டும்தான் குடும்பம் தன் வீட்டின் அளவைத் தானே சொல்கிறது.

3

1947ல் நியூயார்க்குக்கு வெளியே லெவிட் கம்பெனி கட்டத் தொடங்கிய வீடு 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்பது அதன் குடியிருப்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2015ல் அமெரிக்காவில் கட்டி முடிக்கப்பட்ட புதுத் தனிவீடுகளின் சராசரி 2,600 சதுர அடியைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் குடும்பங்கள் பெருகவில்லை, சிறுத்தன. ஆகவே தேவையான அளவு என்பது தலைகளை எண்ணி வருவதல்ல. அது சொல்லித் தரப்படுகிறது.

சொல்லித் தருகிறவர்களில் மிகக் கொடூரமான பாத்திரம் யேட்ஸின் மிஸஸ் கிவிங்ஸ். கொடூரம் அவளுக்குத் தெரியாது என்பதால் இன்னும் கொடூரம். 1955, கனெக்டிகட். ஃப்ராங்க் வீலர், ஏப்ரல் தம்பதிக்கு அவள் ஒரு வீட்டைக் காட்டுகிறாள். சிறியது, வெள்ளையாக இருக்கிறது, முகப்பில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். புறநகர்வாசிகளை இகழும் இத்தம்பதிக்கு அந்த ஜன்னல் கொஞ்சம் உறுத்துகிறது. நம் புத்தகங்களை வைத்து, நாற்காலிகளை இப்படித் திருப்பிப் போட்டு அதைச் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். தங்கள் அளவுக்கு வீட்டை வளைக்கலாம் என்ற நம்பிக்கை. மிஸஸ் கிவிங்ஸ் அதற்கு எதிராக எதுவும் சொல்வதில்லை. நீங்கள் மற்றவர்களைப் போல அல்ல என்பதைச் சொல்லாமல் சொல்லி, மற்றவர்கள் வாங்குகிற வீட்டை அவர்களுக்கு விற்றுவிடுகிறாள். இந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

யேட்ஸின் நேர்த்தி, தரகரைத் தொடர்ந்து உள்ளே கொண்டுவந்துகொண்டே இருப்பதில். விற்ற வீட்டுக்கு அவள் மறுபடி மறுபடி வருகிறாள். நட்டுக்கொள்ளச் செடி கொண்டுவருகிறாள். மனநல விடுதியில் இருக்கும் தன் மகன் ஜானைக் கூட்டிவருகிறாள். கணித மூளையுள்ள அந்தப் பையன் மட்டும்தான் வீலர்களின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறவன். தாய் வீட்டை விற்கிறாள். மகன் அந்த வீட்டுக்குள் இருக்கிற வெறுமையைச் சுட்டுகிறான். ஒரே குடும்பத்தில் இரண்டையும் வைத்த யேட்ஸின் தைரியம் லூயிஸிடம் இல்லாதது.

ஏப்ரல் இறந்துபோகிறாள், வேண்டாத கர்ப்பத்தைத் தானே கலைக்க முயன்று. வீடு இன்னொரு இளம் தம்பதிக்குக் கைமாறுகிறது. நாவலின் முடிவில் மிஸஸ் கிவிங்ஸ் தன் கணவனிடம், அந்த வீட்டுக்கு உண்மையில் பொருத்தமானவர்கள் இந்தப் புதியவர்கள்தான் என்கிறாள். வீலர்கள் வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. தான் கொடுத்த செடியை நிலவறையில் போட்டுச் சாகவிட்டிருந்தார்கள். கணவன் காது கேட்கும் கருவியை அணைத்துவிடுகிறார்.

கிழவரின் இந்தச் செய்கையைப் பலர் வாசகனுக்குக் கிடைத்த ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கருவியை அணைத்தபின்னும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்க மறுப்பது ஒரு பதில் அல்ல. தரகரின் தீர்ப்பு, மறுப்பார் இல்லாமல், நாவலின் மேல் நிற்கிறது: வீடு சரியாகத்தான் இருந்தது, குடும்பம்தான் அளவு தப்பிப் போனது. இதைவிட நேராக இக்கேள்வியைக் கேட்ட முடிவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

4

ஃபோர்டிடம் வரும்போது தரகரே கதைசொல்லி. ஃப்ராங்க் பாஸ்கம், மத்திய வயது, மனைவியைப் பிரிந்தவன். முந்தைய நாவலில் (1986) விளையாட்டுப் பத்திரிகையாளன், இதில் நியூ ஜெர்ஸியில் ஹாடம் என்ற கற்பனை ஊரில் ரியல்டர். 1988 ஜூலை நான்காம் தேதியை ஒட்டிய விடுமுறை நாட்கள். வெர்மான்ட்டிலிருந்து மகளின் படிப்புக்காக இடம்பெயரும் ஜோ மார்க்கம், ஃபிலிஸ் தம்பதிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைக் காட்டிவிட்டான். எதுவும் படியவில்லை. கையிலிருக்கும் பணத்துக்கு மனதிலிருக்கும் வீடு அந்த ஊரில் கிடையாது. ஜோவின் எரிச்சல் வீட்டுக்கு வீடு ஏறுகிறது. கடைசியாக ஒன்று எல்லாவிதத்திலும் பொருந்துகிறது. பின்வேலிக்கு அப்பால் ஒரு சிறைச்சாலை.

இந்தப் பகுதிகளில் ஃபோர்ட் மிக உயர்ந்த எழுத்தாளர். வீடு பார்க்கப் போகிறவன் உண்மையில் எதற்கு அஞ்சுகிறான் என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் எழுதியதில்லை. ஒரு அறைக்குள் நுழைந்ததும் ஜோ பார்ப்பது சுவரையோ கூரையையோ அல்ல. தன் மீதி ஆயுளை. இவ்வளவுதானா நான், எல்லோரையும் போல ஒருவனா என்ற பீதி, அலமாரியின் ஆழம் போதவில்லை என்ற புகாராக வெளிவருகிறது. இதை மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு தரகன் இருக்கிறான். அவன் நல்லவன். புரிந்துகொள்கிறவன்.

சிக்கலும் இங்கேயே ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து நடைமுறையில், வாங்குகிறவர்களோடு ஊரெல்லாம் காரில் சுற்றுகிற தரகர் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் விற்பவரின் ஆள். அவருடைய கமிஷன் விற்ற விலையிலிருந்து வருவது. தங்களுக்காக உழைக்கிறார் என்று வாங்குகிறவர்கள் நம்பினார்கள். ஃப்ராங்கின் ஞானம் முழுவதும் இந்த இரட்டை நிலையிலிருந்து பேசப்படுவது. விரும்பியது கிடைக்காது, கிடைப்பதை விரும்பப் பழகு என்கிற அவனுடைய தத்துவம், ஒரு மனிதன் துயரத்தில் கண்டடைந்த தெளிவாகவும் இருக்கலாம். ஒரு விற்பனைக்காரன் பேரத்தை முடிக்கக் கையாளும் வாசகமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாதபடி எழுதியிருப்பது ஃபோர்டின் சாதனை என்பார்கள். பிரிக்க வேண்டிய இடத்திலும் அவர் பிரிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு இடங்களைக் காட்டலாம். மார்க்கம் குடும்பம் முடிவில் வீடு வாங்குவதில்லை. கறுப்பர்கள் வாழும் க்ளியோ தெருவில் ஃப்ராங்குக்குச் சொந்தமான ஒரு வீட்டில் வாடகைக்குப் போகிறார்கள். வழிகாட்டி வீட்டுக்காரனாகிவிடுகிறான். நல்லெண்ணத்தோடு முதலீடு செய்த அந்தத் தெருவில் வாடகை வசூலிக்கிற சங்கடத்தை அவன் நகைச்சுவையோடு உணர்கிறான். உணர்வதோடு நாவலும் திருப்திப்பட்டுவிடுகிறது. லீனா யங்கர் வெளியேறத் துடித்த பகுதி, இங்கே ஒரு வெள்ளைக் குடும்பம் தன் ஆசையைச் சுருக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் பாடசாலை ஆகிறது.

மற்றது, கிளேர் டெவேன். ஃப்ராங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண், அவனுடைய முன்னாள் காதலி. காலி வீடு ஒன்றைக் காட்டப்போன இடத்தில் கொலை செய்யப்பட்டவள். 34ஆவது விதி எழுதிய தொழிலுக்குள் நுழைந்த ஒரு கறுப்புப் பெண், அந்நியர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த நிலையில் சாகிறாள். நாவலின் மையமாகியிருக்க வேண்டியவள் ஃப்ராங்கின் நினைவாக, அவனுடைய மென்சோகத்துக்கு இன்னொரு காரணமாக வந்து போகிறாள். புலிட்ஸர், பென்/ஃபாக்னர் இரண்டு பரிசுகளும் ஒரே நாவலுக்கு 1996ல் கிடைத்தன. பரிசுகள் சரியான எழுத்தாளருக்குத்தான் போயின. ஆனால் தரகர் தானே கதை சொல்லும்போது அவர் எந்த வீட்டைக் காட்டவில்லை என்று கேட்க, கதைக்குள் வேறு ஆள் இல்லாமல் போகிறது.

5

இன்று அந்தத் தொழிலின் விதிகள் மாறியிருக்கின்றன. 1968ல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. 2020 நவம்பரில் தேசிய ரியல்டர் சங்கத்தின் தலைவர் கடந்தகாலக் கொள்கைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். கமிஷன் வழக்குகளில் ஏற்பட்ட சமரசத்தின்படி 2024 ஆகஸ்டிலிருந்து, சங்கத்தின் விற்பனைப் பட்டியல்களைப் பயன்படுத்தும் தரகர், வாங்குகிறவரோடு வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே தன் கூலி என்ன என்பதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1916ல் சொல் மறைத்த தரகு நூறு வருஷம் கழித்துக் காகிதத்தில் வந்திருக்கிறது. நல்லதுதான். அளவைச் சொல்லித் தரும் பாஷை மட்டும் மாறவில்லை. உங்களுக்கு ஏற்றது, உங்களைப் போன்றவர்கள் வாழும் இடம் என்று அது இன்னும் பேசுகிறது.

இலக்கியம் செய்யக்கூடியது இந்தப் பாஷையை எழுதிக் காட்டுவது. லூயிஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். ஃபோர்ட் அதன் இனிமையில் தோய்ந்து, அதிலேயே ஒரு வாழ்க்கைத் தத்துவம் கண்டார். யேட்ஸ் அதைக் கடைசி வரை பேசவிட்டு நமக்குக் கேட்க வைத்தார். கலை என்ற அளவில் நான்கில் உயர்ந்தது அவருடையதே. ஹான்ஸ்பெரியின் நாடகத்தில் நெகிழ்ச்சி அதிகம், சில இடங்களில் பேச்சும் அதிகம். ஆயினும் மூன்று படுக்கையறைகளையும் யாருக்கு எது என்று விரல்விட்டு எண்ணுகிற அந்தத் தாயின் பேச்சில் தரகரின் சொல் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்ற மூன்று படைப்புகளிலும் யாருக்கும் அது தெரியவில்லை.